கோடை முகாம்: பிள்ளை மனசுக்கு ஒரு சின்னப் புடம்!

சித்திரை பிறந்துவிட்டால் போதும், கீழக்கரையில் எங்கள் வைத்தியசாலைக்கு மூன்று விதமான புகார்கள் வரிசை கட்டி வரும். ஒன்று, வேர்க்குரு. இரண்டு, நீர்க்கடுப்பு. மூன்றாவது... "டாக்டர், பள்ளிக்கூடம் லீவு விட்டதிலேர்ந்து இவன் சரியில்லே!" என்கிற தாய்மார்களின் முறையீடு.

முதல் இரண்டுக்கும் நுங்கு இருக்கிறது, நீர்மோர் இருக்கிறது, நன்னாரி இருக்கிறது. மூன்றாவதற்கு நாட்டு மருந்துக் கடையில் சரக்கு கிடையாது!

பையன் வயிற்று வலி என்பான். நாடி பிடித்துப் பார்த்தால், வயிற்றை அழுத்திப் பார்த்தால், ஒன்றும் இருக்காது. செல்போனைப் பிடுங்கிய மறு நிமிஷம் வருகிற வலி அது. இன்னொரு வீட்டில் பதினோரு வயசுப் பெண், விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். வேறொரு பிள்ளை பரீட்சையில் நாலு மார்க் குறைந்ததற்காக இரண்டு நாள் சாப்பிடவில்லை. சின்னதாக ஒரு "இல்லை" சொன்னால்கூடத் தாங்க முடியாத மனசு. இதுதான் வியாதி.

"ஏதாவது லேகியம் கொடுங்க டாக்டர், நல்லா சக்தி வர்ற மாதிரி" என்பார்கள். நான் வேறொன்று சொல்வேன்: "பத்து நாள் இவனை ஒரு கோடை முகாமுக்கு அனுப்பிப் பாருங்க." கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், "சர்ச்சில் வி.பி.எஸ். எப்போ ஆரம்பிக்குது? முதல் நாளே கொண்டுபோய் விட்டுருங்க" என்பேன்.

நான் கிறிஸ்தவன் அல்ல. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டு, இந்தக் கடற்கரையில் மூன்று மதத்துக்காரர்களுக்கும் நாடி பார்க்கிறவன். 'உங்களுக்கென்ன சர்ச் முகாமில் அக்கறை?' என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

அது என்ன வி.பி.எஸ்.?

தெரியாதவர்களுக்காக... விடுமுறை வேதாகமப் பள்ளி என்பதைத்தான் வி.பி.எஸ். என்கிறார்கள். கத்தோலிக்கர்கள் விடுமுறை விவிலியப் பள்ளி என்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து நாள் முதல் பத்து நாள் வரை, பெரும்பாலும் காலை வேளையில் நடக்கும். பிள்ளைகளை வயசு வாரியாகப் பிரித்து உட்கார வைப்பார்கள். கைதட்டிப் பாட்டு, கை கால் ஆட்டிச் செய்கைப் பாட்டு, ஒரு வேதாகமக் கதை, ஒரு வசனம் மனப்பாடம், காகிதத்தில் கைவேலை, நடுவில் கொஞ்சம் சுண்டலோ பிஸ்கட்டோ, ஒரு டம்ளர் சர்பத். கடைசி நாள் பெற்றோரைக் கூப்பிட்டு மேடையில் நிகழ்ச்சி. சில ஊர்களில் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் ஊர்வலமும் உண்டு. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, மூன்று நாள், ஐந்து நாள் என்று வெளியூரில் தங்கும் முகாமும் நடத்துகிறார்கள்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1868-ம் ஆண்டு, வேல்ஸ் நாட்டில் லாண்டுட்னோ என்கிற கடற்கரை ஊர். விடுமுறைக்கு வந்த குழந்தைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் கடவுளின் அன்பைச் சொல்லும் ஒரு குட்டி வாசகத்தை மணலில் பெரிய எழுத்தாகக் கீறினார். "வாங்க பிள்ளைகளா, கல்லும் சிப்பியும் வச்சு இதை அலங்கரிங்க" என்று கூப்பிட்டார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பிறகு கதை சொன்னார். ஸ்கிரிப்சர் யூனியன் என்று இன்று உலகம் பூராவும் பிள்ளைகளிடையே வேலை செய்கிற அமைப்பின் ஆரம்ப நாள் கதைகளில் ஒன்று இது.

1898-ல் நியூயார்க் நகரம். கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகள் தெருவில் சுற்றித் திரிவதைப் பார்த்த எலைஸா ஹாவ்ஸ் என்ற அம்மையார், ஒரு பீர் கூடத்தை வாடகைக்குப் பிடித்து அவர்களுக்குக் கோடைப் பள்ளி நடத்தினார். குடிக்கிற இடத்தில் பாட்டும் கதையும்! 1901-ல் ராபர்ட் போவில் என்ற போதகர் அதை நகரத்தின் பல சர்ச்சுகளுக்கும் பரப்பினார். நம் ஊர் வி.பி.எஸ்.ஸுக்கு அதுதான் பூர்வீகம்.

ஆனால் எங்கள் கடற்கரைக்கு இது அதைவிடப் பழசு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியோடு தெருத் தெருவாக நடந்து பிள்ளைகளைச் சேர்த்தார். தமிழில் ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தார். 'இன்றைக்குக் கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்' என்று அனுப்பினார். நோயாளி இருக்கும் வீட்டுக்கு அவரால் போக முடியாதபோது பிள்ளைகளை அனுப்பி ஜெபம் சொல்ல வைத்தார். 1544-ல் அவர் எழுதிய கடிதத்திலேயே இதெல்லாம் இருக்கிறது.

கவனியுங்கள். கேட்டுக்கொண்டு உட்காருகிற பிள்ளையாக அவர் அவர்களை வைக்கவில்லை. இன்னொருவருக்கு உதவுகிற ஆளாக ஆக்கினார். நானூற்று எண்பது வருஷம் கழித்து மனநல நூல்கள் சொல்வதும் இதைத்தான்.

புடம் போட்டால்தான் மருந்து

எங்கள் கீழக்கரைக் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பார்கள். அந்தச் சங்கை அப்படியே அரைத்துக் கொடுத்தால் மருந்து ஆகாது. முதலில் சுத்தி செய்ய வேண்டும். பிறகு அகலில் வைத்து, மேலே இன்னொரு அகலை மூடி, சீலைமண் பூசி, வறட்டி அடுக்கிப் புடம் போட வேண்டும். அப்போதுதான் அது சங்கு பற்பம். வறட்டியின் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும். காடைப்புடம் என்றால் கொஞ்சம் தீ. கஜபுடம் என்றால் வறட்டி மலை போல் எரியும். தீ குறைந்தால் சரக்கு பச்சையாக நிற்கும். மிஞ்சினால் குணம் கெடும்.

பிள்ளை மனசும் இப்படித்தான். கஷ்டமே தெரியாமல் பொத்தி வளர்த்த பிள்ளை பச்சைச் சரக்கு. தாங்க முடியாத தீயில் விழுந்த பிள்ளை கருகிப் போகிறது. நடுவில் இருக்கிறது அளவான சூடு. அதுவும் வெறுந்தீயில் அல்ல, சீலைமண் பூசிய அகலுக்குள்ளே. அந்த அகல்தான் பெரியவர்களின் கண்காணிப்பு.

நல்ல முகாம் என்பது ஒரு காடைப்புடம். முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வேண்டும். விளையாட்டில் தோற்றால் அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து நிற்க வேண்டும். பிடிக்காத உப்புமாவையும் சாப்பிட வேண்டும். நூறு பேர் முன்னால் மனப்பாட வசனத்தைச் சொல்ல வேண்டும், பாதியில் மறந்தால் விழுங்கிக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும். எல்லாம் சின்னச் சின்னச் சூடுதான். ஆனால் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து கிடைக்காத சூடு.

ஹவாய்த் தீவிலிருந்து ஒரு பாடம்

ஹவாயில் கவாய் என்றொரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞர், ரூத் ஸ்மித் என்பவரோடு சேர்ந்து பல்லாண்டு காலம் தொடர்ந்து கவனித்தார். அந்தப் பிள்ளைகள் நடுவயதை எட்டும்வரை விடவில்லை! அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடிகார அப்பா, ஓயாத சண்டை, மனநோயுள்ள பெற்றோர் என்று பல கஷ்டங்களோடு வளர்ந்தவர்கள். இவர்கள் எல்லாரும் கெட்டுப் போயிருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? இல்லை. இவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல வேலை, நல்ல குடும்பம், இரக்க சுபாவம் என்று நேராக நிமிர்ந்து வளர்ந்திருந்தார்கள்.

எப்படி? அவர் கண்ட காரணங்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் போக, அக்கறை காட்டும் ஒரு பெரியவராவது இருந்தார். அது பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், சர்ச்சில் இளைஞர் குழுவை நடத்துகிற ஒருவராக இருக்கலாம். அடுத்தது, வீட்டிலோ வெளியிலோ யாருக்காவது உதவும் பொறுப்பு அந்தப் பிள்ளைக்கு இருந்தது. மூன்றாவது, வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் உண்டு என்கிற நம்பிக்கை. பலருக்கு அது மத நம்பிக்கையாக இருந்தது.

ஹவாய் வரை போவானேன்? எங்கள் ராமநாதபுரத்துக்கே வாருங்கள். ராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் மேல்படிப்புக்காக ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்தான். அவனுக்கு வீட்டு ஏக்கம். அம்மா செய்யும் போளியின் ஞாபகம் விடவில்லை! எப்போது சந்தர்ப்பம் கிடைக்கும், ஊருக்கு ஓடலாம் என்று இருந்தவன். அங்கே அய்யாத்துரை சாலமன் என்ற ஆசிரியர் அவனைத் தட்டிக் கொடுத்தார். ஆசை வேண்டும், நம்பிக்கை வேண்டும், நடக்கும் என்ற எதிர்பார்ப்பு வேண்டும், இந்த மூன்றையும் கைக்கொண்டால் ஜெயிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார். பையன் முஸ்லிம், ஆசிரியர் கிறிஸ்தவர். அந்தப் பையன்தான் அப்துல் கலாம். தன் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார்.

முகாமில் பாட்டுச் சொல்லித் தரும் கல்லூரி அண்ணனும், கைவேலை கற்றுத் தரும் டீச்சர் அக்காவும் பிள்ளைக்கு இப்படி ஒரு 'வெளி ஆள்' ஆக முடியும். அப்பா சொன்னால் காதில் ஏறாதது, அந்த அண்ணன் சொன்னால் ஏறும். நம் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்!

அப்பா கடலில், வாப்பா சஃபரில்...

எங்கள் கடற்கரையில் இந்த வெளி ஆளுக்குத் தேவை இன்னும் அதிகம். கீழக்கரையில் எத்தனையோ வீட்டில் வாப்பா வளைகுடா நாட்டில் இருக்கிறார். பிள்ளைக்கு அவர் ஒரு செல்போன் முகம். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கத்து மீனவர் வீடுகளில் அப்பா கடலில். போனவர் எப்போது திரும்புவார் என்பது காற்றுக்கும் தெரியாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள். பயம் இவர்களுக்குக் கற்பனை அல்ல.

மீனவக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியை அவள் அம்மா அழைத்து வந்திருந்தார். அப்பா கடலுக்குப் போன ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாள். நெஞ்சு படபடக்கும். தூக்கத்துக்கு மருந்து கேட்டார் அம்மா. நான் கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றேன். அந்தக் கோடையில் அவள் வி.பி.எஸ். போனாள். பிறகு வந்தபோது அம்மா சொன்னதை மறக்க முடியாது:

"பயம் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேங்க டாக்டர். இப்பவும் பயப்படுறா. ஆனா அங்க சொல்லிக்குடுத்த ஜெபத்தைச் சொல்லிட்டு, 'அம்மா, நீயும் தூங்கும்மா'ன்னு எனக்குத் தைரியம் சொல்றா!"

இதுதான் நான் சொல்ல வந்தது. நம்பிக்கை என்பது புயலை நிறுத்துகிற மந்திரம் அல்ல. புயல் ராத்திரியிலும் தூங்க வைக்கிற ஒரு தோள். அதுகூட, தான் மட்டும் சாய்ந்துகொள்கிற தோளாக இல்லாமல், பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுக்கிற தோளாக மாறினால் அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு இருக்காது. ஆனால் அப்பா வீட்டில் இருப்பார்! முகாமின் கடைசி நாள் நிகழ்ச்சிக்கு அம்மா மட்டும் போகாமல் அப்பாவும் போய் முன் வரிசையில் உட்காருங்கள். எந்தப் பரிசும் அதற்கு ஈடாகாது.

செல்போன் இல்லாத ஐந்து நாள்

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் ஐம்பது பேரை, போன், டி.வி. எதுவும் இல்லாத ஒரு முகாமில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். அதே பள்ளியின் மற்ற பிள்ளைகள் வழக்கம் போல் இருந்தார்கள். முகாமுக்குப் போய் வந்தவர்கள், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அவர் கோபமா, வருத்தமா, பயமா என்று கண்டுபிடிப்பதில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். வெறும் ஐந்தே நாளில்!

மற்றவர் மனசு புரியாத பிள்ளைக்குத் தன் மனசும் புரியாது. தன் மனசு புரியாத பிள்ளைதான் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறது.

"அதெல்லாம் சரி டாக்டர், லீவுலதானே அபாகஸ், ஹிந்தி, டியூஷன்னு அனுப்ப முடியும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கும் அதிகமான மாணவ மாணவியர் தற்கொலை செய்துகொண்டதாக அரசின் குற்ற ஆவணப் பதிவு சொல்கிறது. அவர்களுக்கு டியூஷன் போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் பல காரணங்கள் இருக்கும். ஆனால் தோல்வியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதை எந்த டியூஷனிலும் சொல்லித் தருவதில்லை, அது மட்டும் நிச்சயம்.

கடவுள் கண்ணைக் குத்துவாரா?

இத்தனை பாராட்டிவிட்டு, எச்சரிக்கையும் சொல்லாவிட்டால் நான் வைத்தியன் அல்ல, விளம்பரக்காரன்.

'பொய் சொன்னால் கடவுள் கண்ணைக் குத்துவார்', 'நரகத்தில் எரிவாய்' என்று சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தும் முகாம் வேண்டவே வேண்டாம். அது புடம் அல்ல, சூடு வைப்பது. அப்படிக் கேட்ட பிள்ளை ராத்திரி படுக்கையை நனைக்கும். 'ஜெபம் பண்ணினால் பாஸ், பண்ணாவிட்டால் பெயில்' என்பதும் தப்பு. நாளைக்கு மார்க் குறைந்தால் அந்தப் பிள்ளை கடவுளே தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைக்கும். எல்லார் முன்னிலையிலும் எழுப்பி அழ வைப்பது, வசனம் தெரியாத பிள்ளையைத் தலையில் குட்டுவது... இதெல்லாம் நடக்கிற இடமாக இருந்தால் மறுநாள் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, போட்டி. 1954-ல் முசாபர் ஷெரீப் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை ஒரு கோடை முகாமில் இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டி வைத்தார். எல்லாரும் நல்ல வீட்டுப் பிள்ளைகள். சில நாளிலேயே ஒரு குழுவின் கொடியை மற்றொன்று எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது! பிறகு குடிதண்ணீர் அடைத்துக்கொண்டது, லாரி நின்றுபோனது என்று இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்கிற வேலைகளைக் கொடுத்த பிறகே பகை தணிந்தது. முகாமுக்குச் சேர்க்கவும் தெரியும், பிரிக்கவும் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 'நாம் நல்லவர்கள், அடுத்த தெருக்காரன் கெட்டவன்' என்று கற்றுக்கொண்டு வருகிற பிள்ளைக்கு மனத்திடம் வராது. முறைப்புதான் வரும். இது எல்லா மதத்து முகாமுக்கும் பொருந்தும்.

"மதம் மாத்திருவாங்களோ?"

மற்ற மதத்துப் பெற்றோர்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். மூடி மறைக்க என்ன இருக்கிறது? வி.பி.எஸ். என்பது கிறிஸ்தவ நம்பிக்கையைச் சொல்லித் தருவதற்காகவே நடப்பது. பாட்டும் விளையாட்டும் மட்டும் என்று நினைத்து அனுப்பிவிட்டுப் பிறகு வருத்தப்படக் கூடாது. நடத்துகிறவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடுத்த வீட்டு இந்துப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ சிநேகிதனோடு ஓடி வந்தால், பெற்றோரின் சம்மதம் கேட்காமல் உட்கார வைக்கக் கூடாது. அரசு அங்கீகாரம் அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில்கூட, பெற்றோர் சம்மதமில்லாமல் சிறுவர்களுக்கு மதபோதனை கட்டாயமாக்கக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. முகாமுக்கும் அந்த மரியாதை பொருந்த வேண்டும்.

என் யோசனை எளிது. அவரவர் வீட்டு விளக்கை அவரவர் ஏற்றுங்கள். கிறிஸ்தவர்கள் வி.பி.எஸ்.ஸுக்கு அனுப்புங்கள். முஸ்லிம் வீடுகளில் கோடைக்காலத் தீனியாத் வகுப்பு இருக்கிறது. இந்துக் குடும்பங்களுக்குப் பாலவிஹார் மாதிரி வகுப்புகள் இருக்கின்றன. மதம் வேண்டாம் என்பவர்களுக்குச் சாரணர் முகாம் உண்டு. ஆனால் எல்லாரும் வி.பி.எஸ்.ஸிடமிருந்து ஒரு விஷயத்தைக் கடன் வாங்கலாம். பாடத்தைப் பாட்டாக்கு, பாட்டை ஆட்டமாக்கு, கடைசியில் பிள்ளையை மேடை ஏற்று! மனப்பாடம் மட்டும் செய்ய வைத்து, பிரம்போடு நிற்கும் வகுப்பு எந்த மதத்துடையதாக இருந்தாலும் பிள்ளை மனசில் ஒட்டாது.

அனுப்பும் முன் கேளுங்கள்!

* நடத்துவது யார்? சர்ச்சோ, ஜமாத்தோ, சங்கமோ, பொறுப்பாளரின் பெயரும் போன் நம்பரும் கையில் இருக்க வேண்டும்.

* பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியைகள் இருக்கிறார்களா? தங்கும் முகாம் என்றால் இரவில் யார் எங்கே படுக்கிறார்கள்? பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. கேட்கக் கூச்சப்படாதீர்கள். போக்சோ சட்டம் வந்த 2012-க்குப் பிறகு இதைக் கேட்பது சந்தேகப் புத்தி அல்ல, பெற்றோர் கடமை. 'யாராவது தப்பாகத் தொட்டால் உடனே எங்களிடம் சொல்லு, உன் மேல் கோபப்பட மாட்டோம்' என்று பிள்ளையிடமும் சொல்லி அனுப்புங்கள். அவசரத்துக்கு 1098.

* கடலிலோ குளத்திலோ குளிக்க வைப்பார்களா? நீச்சல் தெரிந்த பெரியவர்கள் போதிய அளவு கூட நிற்காவிட்டால் வேண்டாம். கடற்கரைப் பிள்ளைகளுக்குத்தான் தண்ணீரில் துணிச்சல் அதிகம்.

* நல்ல குடிநீர், சுத்தமான கழிப்பறை உண்டா? கழிப்பறை பிடிக்காமல் அடக்கி அடக்கி நீர்க்கடுப்போடு வருகிற பெண் பிள்ளைகள் அதிகம்.

* ஊர்வலம் உச்சி வெயிலிலா? காலை ஒன்பது மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்பின் சூடும் தணியாது. மோர், பானகம், இளநீர், எலுமிச்சைச் சாறு ஏதாவது அடிக்கடி கொடுக்க வேண்டும். பிள்ளை தலை சுற்றித் துவண்டாலோ, பிதற்றினாலோ கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி!

* இழுப்பு, வலிப்பு, சர்க்கரை உள்ள பிள்ளை என்றால் மருந்தையும் விவரத்தையும் எழுதிப் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். வழக்கமான மருந்தை 'பத்து நாள்தானே' என்று நிறுத்தக் கூடாது.

"அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போ!"

தங்கும் முகாமுக்குப் போன பிள்ளை முதல் ராத்திரி அழும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கொஞ்சமாவது வீட்டு ஏக்கம் வரும். அது வியாதி அல்ல, பாசத்தின் கணக்கு. இங்கேதான் அம்மாக்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். வாசலிலேயே, "பிடிக்கலேன்னா ஒரு போன் போடு, உடனே அப்பாவை அனுப்புறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதைச் சொல்லாதீர்கள் என்றுதான் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். 'உன்னால் முடியாது என்று எனக்கு முன்னமே தெரியும்' என்றுதான் அந்த வார்த்தை பிள்ளைக்குக் கேட்கும்.

அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: "முதல் ரெண்டு நாள் வீட்டு ஞாபகம் வரும். எல்லாருக்கும் வரும். அந்த அண்ணன்கிட்டயோ அக்காகிட்டயோ சொல்லு. எனக்கு ஒரு கடுதாசி எழுது." முகாமுக்கு முன்னால் ஒன்றிரண்டு நாள் பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ தனியாகத் தங்கப் பழக்குங்கள். சாப்பிடாமல், தூங்காமல், மூன்று நாளாகியும் அழுகை நிற்கவில்லை என்றால் அழைத்து வந்துவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. தீயின் அளவு இந்த வருஷம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

முகாம் போதாத இடம்

முகாம் சர்வரோக நிவாரணி அல்ல. பிள்ளை வாரக்கணக்கில் சிரிக்கவில்லை, நண்பர்களை விட்டு விலகுகிறது, தூக்கம் கெடுகிறது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது, 'நான் இல்லாமல் இருந்தால் நல்லது' என்கிற மாதிரிப் பேசுகிறது என்றால், முகாம், மந்திரிப்பு, லேகியம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துப் போங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், தாமதம் செய்யாதீர்கள்.

பத்து நாள் போதுமா?

போதாது! புடம் போட்ட மருந்தைக்கூடக் காற்றுப் புகாத சீசாவில் வைத்தால்தான் வீரியம் நிற்கும். முகாம் பத்து நாள், வீடு மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாள். முகாமிலிருந்து வந்த பிள்ளை கையைத் தட்டிப் பாடும்போது, "சும்மா இரு, சீரியல் ஓடுது" என்று அடக்கிவிட்டால் அத்தனையும் வீண்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்தே நிமிஷம் ஒதுக்குங்கள். டி.வி. வேண்டாம், போன் வேண்டாம். அன்றைக்கு என்ன கஷ்டமாக இருந்தது, அதை எப்படிச் சமாளித்தாய், யார் உதவினார்கள், நீ யாருக்கு உதவினாய் என்று பிள்ளையைக் கேளுங்கள். உங்கள் வழக்கப்படி ஜெபமோ, துஆவோ, தேவாரமோ சேர்ந்து சொல்லுங்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் அந்தப் பத்து நிமிஷம் போனில் வரட்டும். அந்த ஒரு வேலைக்குப் போனை அனுமதிக்கிறேன்!

நம் பிள்ளைகளுக்குக் கடலை அமைதியாக்கித் தர நம்மால் முடியாது. பரீட்சையை எளிதாக்கவும் முடியாது. துடுப்புப் போடக் கற்றுக் கொடுக்கலாம். அதற்குப் பத்து நாள் கோடை லீவு நல்ல ஆரம்பம். இந்த வருஷம் தவறவிடாதீர்கள்.